பால் மங்கும் மின்னணுச் சில்லும்



பினாங்குத் தீவின் தென்கிழக்குக் கரையில் பாயான் லெப்பாஸ் என்ற இடம் இருக்கிறது. விமான நிலையம் உள்ள ஊர் என்று சொன்னால் உங்களில் பலருக்கு உடனே விளங்கும். அந்தக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால், குறுகிய கடலுக்கு அப்பால் காடு மூடிய ஒரு சிறு தீவு தெரியும். ஜெரெஜாக் தீவு என்பது அதன் பெயர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமாரில் பலர், தோட்டத்தைப் பார்க்கும் முன்னே அந்தத் தீவைத்தான் பார்த்தார்கள். அம்மையும் வாந்திபேதியும் பரவிவிடக் கூடாது என்பதற்காக, கப்பலின் மேல்தளத்தில் வந்த ஏழைப் பயணிகளை அங்கே சில நாள் தடுத்து வைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே வெளியே விட்டார்கள்.

அதே இடத்தில் நின்று திரும்பி மேற்கே பார்த்தால் வரிசை வரிசையாக ஆலைகள் தெரியும். உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளும், வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்குள்ளும், மருத்துவமனையில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்குள்ளும் இருக்கின்ற மின்னணுச் சில்லுகள் அங்கே பொருத்தப்பட்டும் சோதிக்கப்பட்டும் உலகமெங்கும் போகின்றன.

கப்பலில் வந்த பாட்டனுக்கும் இந்தச் சில்லுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. உலகத்தில் எங்கோ ஒருவருக்கு ஒரு பொருள் தேவைப்படுகிறது. அதைச் செய்யும் வேலை பல துண்டுகளாகப் பிரிந்து பல நாடுகளுக்குப் போகிறது. அதில் ஒரு துண்டு நம் ஊருக்கு வருகிறது. அந்தத் துண்டு வேலையால் நம் ஊர் எவ்வளவு வளர்கிறது, அந்த வேலை ஒருநாள் போய்விட்டால் நம்மிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். பினாங்கு மாநிலத்தில் இது ஒரு முறையல்ல, பல முறை நடந்திருக்கிறது.

முதலில் கரும்பைப் பார்ப்போம். 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கி, வரியில்லாத் துறைமுகமாக அதைத் திறந்துவிட்டார். 1800-இல் எதிர்க்கரையும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று அதற்குப் பெயரிட்டார்கள். இன்றைய செபராங் பிறை அதுதான். அங்கே பத்து காவான் பக்கத்தில் சீனர்கள் கரும்பு பயிரிட்டு வந்தார்கள். 1840-களில் இந்தக் கரும்புச் சர்க்கரைக்கு இங்கிலாந்தில் இறக்குமதி வரி குறைந்தது. உடனே ஐரோப்பிய முதலாளிகள் பெரிய பெரிய கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். நிபோங் தெபால், பிறை, பத்து காவான் எங்கும் கரும்பு. வெட்டவும் ஆலையில் பிழியவும் ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறையில் தமிழர்களைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஆக, நம்மவர் கூட்டம் கூட்டமாக இந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கு வந்தது ரப்பருக்காக அல்ல, சர்க்கரைக்காக. இலண்டனில் ஒரு வரி குறைந்ததற்காகத் தஞ்சாவூர்க் கிராமத்தில் ஒரு குடும்பம் மூட்டை கட்டியது.

பிறகு என்ன ஆயிற்று? ஐரோப்பாவில் பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தார்கள். ஜாவாச் சர்க்கரை மலிவாக வந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் ஒழிந்தது. அதே நேரத்தில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. கரும்பைப் பிடுங்கிவிட்டு ரப்பர் கன்று நட்டார்கள். பினாங்கு சர்க்கரைத் தோட்டக் கம்பெனி பினாங்கு ரப்பர்த் தோட்டக் கம்பெனி ஆயிற்று. எழுபது ஆண்டு நடந்த ஒரு தொழில் இவ்வாறு தடம் தெரியாமல் மறைந்தது.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் நின்று, கோடு போட்டு, மங்கில் பால் எடுத்து, வாளியில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டவர்கள் நீங்களும் உங்கள் தாய்தந்தையரும். அதன் பிறகு நடந்ததைத்தான் சற்றுப் பார்க்க வேண்டும். பாலை உறைய வைத்து, உருளையில் பிழிந்து, புகைக்கூண்டில் காயவைத்து, சீட்டாக்கி, பிறைக்கு இரயிலில் ஏற்றினார்கள். அங்கிருந்து பினாங்குத் துறைமுகம், பிறகு கப்பல். ஜார்ஜ்டவுன் கடற்கரையில் கடிகாரக் கோபுரத்தோடு ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கிறதே, சுங்க இலாகா இருக்கும் கட்டடம், அது இரயில்வேக்காகக் கட்டப்பட்டது. அந்தக் கட்டடத்துக்கு இருப்புப்பாதையே போட்டதில்லை. இரயில் வராத இடத்தில் இரயில்வேக்கு அவ்வளவு பெரிய கட்டடம். எதிர்க்கரையிலிருந்து வரும் சரக்கும் பயணிகளும் அத்தனை முக்கியமாக இருந்த காலம் அது.

கப்பலேறிய ரப்பரில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரோன் என்ற நகரம் உண்டு. டயர் கம்பெனிகள் நிறைந்த நகரம். நம் சீட்டு அங்கே டயராக மாறியது. டயரில் இருக்கும் இலாபமும், டயர் செய்யும் படிப்பும், அந்தப் படிப்பைச் சொல்லித்தரும் கல்லூரியும், எந்திரம் செய்யும் பட்டறையும் எல்லாம் அந்தப் பக்கமே வளர்ந்தன. நம் பக்கம் மரத்தை வெட்டுவதும் பாலை உறைய வைப்பதும் நின்றன. பினாங்கில் வங்கிகள் வந்தன, கிடங்குகள் வந்தன, சாலை வந்தது. ஈயத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பேராக்கில் தோண்டிய ஈயம் ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் உருக்கப்பட்டு வெளியே போயிற்று. அதிலாவது உருக்கும் வேலை இங்கே நடந்தது. அதனால் பட்டறைத் தொழில் தெரிந்த சிலர் பினாங்கில் உருவானார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

விலையை முடிவு செய்ததும் நாமல்ல. 1922-இல் விலை விழுந்தபோது ஆங்கில அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்து, ஏற்றுமதியைக் குறைத்து விலையை உயர்த்தப் பார்த்தது. கொஞ்ச காலம் விலை ஏறியது. ஆனால் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த சுமத்ராவில் சிறு தோட்டக்காரர்கள் அந்த விலையைப் பார்த்து மேலும் மேலும் நட்டார்கள். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி லைபீரியாவுக்குப் போனது, ஃபோர்டு பிரேசில் காட்டுக்குப் போனார். 1928-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். மறு ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்கவில்லை என்பதற்காக இங்கே ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வரும்போது தடுத்து வைத்தவர்கள், போகும்போது தடுக்கவே இல்லை. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. போர் முடிந்தது, அந்த ஆலைகள் நின்றபாடில்லை. கொரியப் போரின்போது 1950, 51-இல் விலை ஒருமுறை துள்ளியது. அதன் பிறகு இறக்கமே அதிகம்.

அந்த இறக்கத்தின் முடிவில்தான் தோட்டத் துண்டாடல் வந்தது. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அது தனியே பேச வேண்டிய பெரிய செய்தி.

தீவின் நிலையும் அப்போது நன்றாயில்லை. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவோடு மோதிக்கொண்டிருந்ததால் சுமத்ரா வாணிபம் அறுந்தது. 1960-களின் இறுதியில் வரியில்லாத் துறைமுகம் என்ற உரிமையையும் கூட்டரசு எடுத்துவிட்டது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊர் வெறிச்சோடியது. 1969-இல் பினாங்கில் வேலை தேடுவோரில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு வேலையில்லை என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் தேவை என்ற சட்டமும் அமலுக்கு வந்து, பல்லாயிரம் தமிழர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிப் பிரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

1969-இல் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். பின்னாளில் துன் பட்டம் பெற்ற அவர் 1990 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1969 நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. ராபர்ட் நாதன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1970-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. பழைய துறைமுக வாணிபம் திரும்பாது, வெளிநாட்டுக்கு விற்கும் பொருள்களைச் செய்யும் ஆலைகளைக் கொண்டு வாருங்கள் என்பது அதன் சாரம். 1971-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. 1972-இல் பாயான் லெப்பாசில் நெல் வயல்களின் மேல் மண் கொட்டி, மலேசியாவின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. வட்டாரத்துக்குள் கொண்டு வரும் உறுப்புக்கும் எந்திரத்துக்கும் சுங்கவரி கிடையாது. செய்து முடித்ததை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். சில ஆண்டுகளுக்கு வருமானவரிச் சலுகையும் உண்டு.

அமெரிக்கக் கம்பெனிகள் ஏன் இவ்வளவு தூரம் வந்தன? நம்மேல் உள்ள பாசமா? சில்லு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். தட்டு போன்ற ஒரு சிலிக்கன் தகட்டின் மேல் நூற்றுக்கணக்கான சில்லுகளை அச்சடிப்பது போல் செய்கிறார்கள். அந்த வேலைக்குக் கோடிக்கணக்கான பணமும் பெரிய படிப்பும் வேண்டும். அதை அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆனால் தகட்டை வெட்டி, ஒவ்வொரு சில்லையும் எடுத்து ஒரு சட்டத்தில் ஒட்டி, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இரண்டு பக்கமும் இணைத்து, மேலே மூடி, சோதிக்க வேண்டும். இதற்கு அந்தக் காலத்தில் ஆயிரம் ஆயிரம் கைகள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் அந்தக் கைகளுக்குக் கூலி அதிகம். சில்லு எடையே இல்லாத பொருள். ஒரு பெட்டிக்குள் இலட்சம் வெள்ளிச் சரக்கை அடைத்து விமானத்தில் அனுப்பலாம். போதாக்குறைக்கு, அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அமெரிக்க உறுப்பை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பொருத்தித் திருப்பிக் கொண்டு வந்தால், வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும். ஃபேர்சைல்ட் என்ற கம்பெனி 1960-களின் தொடக்கத்திலேயே இதற்காக ஹாங்காங் போய்விட்டது. மற்றவர்கள் அதன் பின்னே ஆசியாவில் இடம் தேடினார்கள். பினாங்கில் விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தது, ஆங்கிலம் பேசும் அதிகாரிகள் இருந்தார்கள், வேலையில்லாத இளம்பெண்கள் ஏராளமாக இருந்தார்கள்.

முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை ‘எட்டு சாமுராய்’ என்று பினாங்கில் இன்றும் சொல்வார்கள். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட்-பேக்கார்ட், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் ஆகியவை அவை. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை 1972-இல் பினாங்கில் கட்டியதுதான். அந்த ஆலை 1975-இல் தீப்பிடித்து எரிந்து போயிற்று. அதோடு மூட்டை கட்டிவிடுவார்கள் என்று பலர் நினைத்தார்கள். அவர்கள் திரும்பக் கட்டினார்கள்.

காலை இருட்டில் தோட்டத்து முச்சந்திக்குத் தொழிற்சாலைப் பேருந்து வரத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். என் தந்தையின் தங்கை, எனக்கு அத்தை, 1978-இல் அப்படி ஒரு பேருந்தில் ஏறினார். செபராங் பிறைத் தெற்கில் எங்கள் தோட்டம். பாலம் கிடையாது. பேருந்தில் பட்டர்வொர்த், பிறகு பெர்ரி, பிறகு இன்னொரு பேருந்து. எட்டு மணி நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துத் தங்கக் கம்பி இழுப்பது வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. அத்தைக்கு அதில் பெருமை. மாதம் பிறந்தால் சம்பளம், வெயில் இல்லை, மழையில்லை, மழை பெய்தால் வேலையில்லை என்ற கவலையும் இல்லை. பாட்டிக்கு மட்டும் திருப்தியில்லை. பெண் பிள்ளை இராத்திரியில் வெளியே போவதா என்று கேட்டபடியே இருப்பாராம்.

1985-இல் உலகில் கணினிச் சரக்கு தேங்கிற்று. ஆட்குறைப்பு வந்தது. செப்டம்பர் 14-ஆம் நாள் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டு, பதின்மூன்றரைக் கிலோமீட்டரை மக்கள் வேடிக்கை பார்க்கப் போன அதே ஆண்டில், அத்தை வேலையிழந்து வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். ஆணியில் தொங்கிய அவருடைய நீல மேலங்கி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மாதம் கழித்து அவர் மீண்டும் பால்வெட்டப் போனார். ஆக்ரோனில் டயர் தேங்கினால் நம் பாட்டனுக்கு வேலை போனது போல், கலிபோர்னியாவில் சில்லு தேங்கினால் அத்தைக்கு வேலை போயிற்று. அந்த மட்டில் ரப்பருக்கும் சில்லுக்கும் வேறுபாடு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் 1954 முதல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. மின்னணு ஆலைகளில் தொழிற்சங்கத்துக்கு நெடுங்காலம் அனுமதியில்லை. 1988-க்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் தனிச் சங்கம் வைக்கலாம் என்றார்கள். வட்டார அளவில் சங்கம் அமைக்க 2009-இல்தான் வழி பிறந்தது. கண் வலிக்கிறது, மங்கலாகத் தெரிகிறது என்ற பெண்களின் குறையைக் கேட்க ஆளில்லாத ஆண்டுகள் அவை. கம்பெனிகளை வரவழைத்த திறமையைப் பாராட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் கரும்பு போனது போல் சில்லும் போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. ஐம்பது ஆண்டு கடந்தும் இருக்கிறது, கூடியும் இருக்கிறது. இங்கேதான் கதை மாறுகிறது.

ஹியூலட்-பேக்கார்டை எடுத்துக்கொள்வோம். 1972-இல் அது தொடங்கிய வேலை மிகச் சாதாரணமானது. பழைய கணினிகளின் நினைவகத்துக்காகச் சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்தார்கள். பாசிமணி கோப்பது போன்ற வேலை. அந்த வகை நினைவகம் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. ஆலை மூடவில்லை. ஒளிவிடும் சிறு விளக்குகள் செய்யத் தொடங்கியது. பிறகு நுட்பமான உறுப்புகள், பிறகு அவற்றை வரைந்து வடிவமைக்கும் வேலையும் இங்கேயே. இன்டெல்லிலும் பொருத்துவதோடு சோதனை சேர்ந்தது. 1990-களில் வடிவமைப்பும் வந்தது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அமெரிக்காவிலிருந்த மேலாளரிடம், இதையும் எங்களால் செய்ய முடியும் என்று சொல்லி வாதாடியவர்கள் பினாங்குப் பொறியாளர்கள்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பட்டறைக்காரர்கள் இப்போது வருகிறார்கள். ஆலையில் ஒரு சிறு பிடிப்பான் உடைந்தால், ஒரு அச்சு தேய்ந்தால், அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை எந்திரம் நிற்கும். பக்கத்தில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டும் இரும்பு கடைந்துகொண்டும் இருந்த சீனர் பட்டறைக்குக் கொண்டு போனால் இரண்டு மூன்று நாளில் செய்து கொடுத்தார்கள். முதலில் செய்தது சரியாக அமையவில்லை என்றால் கம்பெனிப் பொறியாளர் வந்து வரைபடத்தைக் காட்டினார், அளவு பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மேம்பாட்டுக் கழகமும் இந்த உறவை ஊக்குவித்தது. அச்சு செய்தவர்கள் பிறகு எந்திரத்தின் பாகம் செய்தார்கள், பிறகு எந்திரமே செய்தார்கள். கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினார்கள். குளோபட்ரோனிக்ஸ் 1991-இல் இன்டெல்லில் இருந்தவர்களால் தொடங்கப்பட்டது. 2000-இல் தோன்றிய விட்ரோக்ஸ், சில்லுகளில் குறை இருக்கிறதா என்று கேமராவால் பார்க்கும் எந்திரங்களைச் செய்து இன்று பல நாடுகளுக்கு விற்கிறது.

பிறகு 1989. பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன், ஆசிரியர் என்பதால் மட்டுமல்ல. அந்த நேரத்தில் தானியங்கி எந்திரங்கள் வந்து கம்பி இழுக்கும் வேலையைப் பறித்துக்கொண்டிருந்தன. கைகளுக்குத் தேவை குறைந்து, எந்திரத்தைப் புரிந்துகொள்ளும் தலைகளுக்குத் தேவை கூடியது. ஒரு கம்பெனி பயிற்சி கொடுத்தால் அடுத்த கம்பெனி அந்த ஆளைக் கூடுதல் சம்பளத்தில் இழுத்துக்கொள்ளும். ஆகவே யாரும் பயிற்சிக்குச் செலவு செய்யத் தயங்கினார்கள். மாநில அரசு இடம் கொடுத்தது, கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து எந்திரமும் பயிற்றுநரும் கொடுத்தன, எல்லாருடைய ஆட்களும் ஒரே இடத்தில் படித்தார்கள். ஆக்ரோனில் வளர்ந்த பள்ளி நம் பக்கம் வளரவில்லை என்று சொன்னேனே, அது இந்த முறை இங்கே வளர்ந்தது.

இப்படிப் பட்டறையும் பள்ளியும் அனுபவப்பட்ட பொறியாளரும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், ஒரு கம்பெனி போனாலும் ஊர் விழுந்துவிடாது. வன்தட்டு செய்யும் செகேட் நிறுவனம் 2016-இல் பினாங்கு ஆலையை மூடியது. பலருக்கு அது பெரிய அடிதான். ஆனால் அவர்களுடைய கைத்தொழில் வேண்டுமென்று கேட்கும் வேறு வாசல்கள் அதே சாலையில் இருந்தன. எல்லா ஊருக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் ஒரு பெரிய கைத்தொலைபேசி ஆலையைத் திறந்தது. கிராமத்துத் தமிழ்ப் பெண்கள், நம் அத்தைமாரைப் போலவே, சீருடை அணிந்து பேருந்தில் போனார்கள். 2014-இல் ஆலை மூடியபோது ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. எட்டே ஆண்டில் வேர் பிடிக்க நேரமில்லை. அதே வளாகத்தில் மற்றொரு நிறுவனம் வந்து மீண்டும் வேலை தொடங்கச் சில ஆண்டுகள் ஆயின. பாயான் லெப்பாசும் எட்டாம் ஆண்டில், அதாவது 1980-இல், மூடியிருந்தால் அதே கதைதான் நடந்திருக்கும்.

இன்று உலகில் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்கிறார்கள். அதன் நடுமையம் பினாங்கு. இன்டெல் 2021-இல் பத்தாண்டுகளில் 3,000 கோடி வெள்ளி முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. தீவில் இடம் போதாமல் ஆலைகள் எதிர்க்கரைக்கு வந்தன. எங்கே தெரியுமா? பத்து காவானுக்கு. சீனர் கரும்பு நட்ட, பிறகு வெள்ளைக்காரர் கரும்பு நட்ட, பிறகு நம்மவர் ரப்பரும் செம்பனையும் பார்த்த அதே பத்து காவான். 1990-களில் மேம்பாட்டுக் கழகம் தோட்ட நிலத்தை எடுத்தது. 2014 மார்ச் 1-ஆம் நாள் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் திறந்தது. பாஸ்டன் சயன்டிபிக், மைக்ரோன், லாம் ரிசர்ச் என்று பெரிய பெயர்கள் இப்போது அங்கே பலகையில் தெரிகின்றன.

நம்மவர் இந்த ஏணியில் எங்கே நிற்கிறார்கள்? பட்டறைகள் வளர்ந்தபோது நம்மிடம் பட்டறை இல்லை. தோட்டம் யாருக்கும் கடைசல் எந்திரம் கற்றுக் கொடுக்கவில்லை. பயிற்சி மையம் திறந்தபோது அதில் சேர ஐந்தாம் படிவத்துக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் கேட்டார்கள். நம் பிள்ளைகளில் பலர் மூன்றாம் படிவத்தோடு நின்றிருந்தார்கள். ஆகவே நுழைவாயில் வரை முதலில் போன நம் பெண்கள், மாடிப்படியருகே பின்தங்கினார்கள். எல்லாரும் அல்ல. சோதனைப் பிரிவில் தொழில்நுட்பராக, பொறியாளராக, மேலாளராக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை நானே அறிவேன். அவர்கள் வீட்டைப் பார்த்தால் ஒன்று புலப்படும்: பிள்ளை எந்த வகுப்பில் கணக்கை விட்டான் என்று கேட்ட ஒருவர் அந்த வீட்டில் இருந்திருப்பார். படித்த தாயாக இருக்க வேண்டியதில்லை. கேட்டிருந்தால் போதும்.

என் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். “டீச்சர், ஆலையில எப்ப வேணா வேலை கெடைக்குதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு படிப்பு?” என்பார்கள். ஆலையின் அடிப்படி வேலைக்கு இப்போது யார் வருகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வருகிறார்கள். முகவர் பணம் கட்டி, கடன் வாங்கி, ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அந்த விலைக்கு அந்த வேலையை நம் பிள்ளை செய்து குடும்பம் நடத்த முடியுமா என்று அவர்களே யோசித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

அத்தைக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. எதிர்க்கரையில் தொழிலாளர் விடுதி ஒன்றின் பக்கத்தில் காலையில் தோசையும் நாசி லெமாக்கும் விற்கிறார். கண் மட்டும் முன்போல் இல்லை. போன விடுமுறையில் நான் போயிருந்தபோது, நீல மேலங்கி அணிந்த ஒரு நேபாளப் பையன் வந்து இரண்டு பொட்டலம் வாங்கினான். அவன் போன பிறகு அத்தை சொன்னார்: “இவனுங்க வந்த கடன அடைக்கவே ரெண்டு வருசம் ஆகுதாம், பாப்பா. எங்க பாட்டி சொல்லுவாங்க, கங்காணிகிட்ட வாங்கின கடனுக்கு எத்தன நாளு வெட்டினேன்னு. அதேதான்.” பிறகு அடுத்த ஆளுக்கு இலையை விரித்தார். அவனும் அதே நிற மேலங்கிதான் அணிந்திருந்தான்.